சுவர் ஏறியவர் நாற்காலி ஏறவில்லை

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

நேபாளத் தலைவர் கணேஷ் மான் சிங்கின் பொதுவாழ்வில் ஓங்கி நிற்பது ஏற்ற பதவியா, மறுத்த பதவியா? மறுத்த பதவியே என்று பேச வந்திருக்கிறேன். அவர் 1951இல் தொழில், வணிக அமைச்சர்; 1959இல் பொதுப்பணி, போக்குவரத்து அமைச்சர். எதிரணித் தலைவர் இதையெல்லாம் அழகாகச் சொன்னார், நான் மறுக்கவில்லை. ஆனால் மேடையை விட்டு இறங்கும்போது ஒரு வார்த்தையை வீசிவிட்டுப் போனாரே! "இளமையில் சிறையிலிருந்து ஓடினார், முதுமையில் பிரதமர் நாற்காலியிலிருந்து ஓடினார், ஓடுவதே அவர் வழக்கம்" என்றார். நீங்களும் கை தட்டினீர்கள். தட்டிய கைகளைச் சற்று மடியில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

ஓடினாராம்! எங்கிருந்து ஓடினார்?

ஆண்டு 1940. மன்னர் பெயருக்கு இருக்கிறார். பிரதமர் பதவியோ ராணா குடும்பத்தின் பரம்பரைச் சொத்து. அரசியல் பேசினாலே ராஜத்துரோகம். பிரஜா பரிஷத் என்ற ரகசிய அமைப்பில் சேர்ந்தார் கணேஷ் மான். வயது 24. தாத்தா அந்த ராணா அரசிலேயே உயர்ந்த அதிகாரி. வாயை மூடிக்கொண்டிருந்தால் வசதியாக வாழ்ந்திருக்கலாம். மூடவில்லை. பிடித்துப் போனார்கள். 1941 ஜனவரியில் அரசு நான்கு பேரின் உயிரைப் பறித்தது. சுக்ரராஜ் சாஸ்திரியும் தர்மபக்த மாதேமாவும் தூக்கில். தசரத் சந்தும் கங்காலால் ஷ்ரேஷ்டாவும் துப்பாக்கிக் குண்டில். பிரஜா பரிஷத்தின் தலைவர் டங்கப் பிரசாத் ஆசார்யா பிராமணர் என்பதால் உயிர் தப்பினார். தலையை மழித்துச் சிறையில் தள்ளினார்கள். கணேஷ் மானுக்கு ஆயுள் தண்டனை.

1944. காட்மாண்டுச் சிறையின் மதில். அந்த மதிலுக்குக் கீழே நிற்கும் இளைஞனை ஒரு நிமிடம் பாருங்கள். மேலே ஏறும்போது ஒரு செங்கல் பெயர்ந்தால் காவலாளி விழித்துக்கொள்வான். பிடிபட்டால் என்ன ஆகும் என்று அவனுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அவனுடைய தோழர்கள் நால்வருக்கு நேர்ந்தது அவனுக்குத் தெரியும். தெரிந்தே மதிலில் கை வைத்தான். ஏறினான். குதித்தான்.

பின்வரிசைக்குக் கேட்டிருக்காது, மறுபடியும் சொல்கிறேன். தெரிந்தே கை வைத்தான்! ஏறினான்! குதித்தான்! இதற்குப் பெயர் ஓட்டமா ஐயா?

குதித்தவன் எங்கே போனான்? கல்கத்தாவுக்கு. கிருஷ்ண பகதூர் பிரதான் என்ற பொய்ப் பெயரோடு அங்கே கட்சி கட்டினான். 1947 ஜனவரியில் அதே கல்கத்தாவில் நேபாளி தேசிய காங்கிரஸ் பிறந்தது. தலைவராக யாரைத் தேர்ந்தெடுத்தார்கள் தெரியுமா? இன்னும் சிறையில் கிடந்த அதே டங்கப் பிரசாத் ஆசார்யாவை. மதிலுக்கு வெளியே இருந்தவர்கள், மதிலுக்குள் இருந்தவரைத் தலைவராக்கினார்கள்.

எதிரணித் தலைவரிடம் ஒன்று கேட்கிறேன். 1960 டிசம்பர் 15 அன்று மன்னர் மகேந்திரா, மக்கள் தேர்ந்தெடுத்த பி.பி. கொய்ராலா அரசைக் கலைத்து, அமைச்சர்களைச் சிறைபிடித்தார். சுந்தரிஜல் ராணுவ முகாமில் பி.பி.யோடு ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் அடைபட்டுக் கிடந்தார் கணேஷ் மான். விடுதலையானதும் இந்தியாவில் நாடு கடந்த வாழ்க்கை. 1976 டிசம்பர் 30 அன்று இருவரும் விமானம் ஏறிக் காட்மாண்டுக்குத் திரும்பினார்கள். தூக்குக் கயிறு வரை போகக்கூடிய வழக்குகள் பி.பி.க்காகக் காத்திருந்தன. இறங்கியதும் இருவரும் கைது. ஓடுவதே வழக்கமாக உள்ளவர், கைது செய்யக் காத்திருக்கும் ஊருக்கு டிக்கெட் எடுத்துக்கொண்டு வருவாரா?

மணி அடித்துவிட்டது. நடுவர் அவர்களே, இன்னும் ஒரு நிமிடம் கொடுங்கள்.

1990. மகேந்திரா கட்சிகளுக்குத் தடை விதித்து முப்பதாண்டுகள் ஓடிவிட்டன. சாக்சிபாரியில் இருக்கும் கணேஷ் மான் வீட்டு முற்றத்தில் ஜனவரியில் நேபாளி காங்கிரஸ் கூடியது. பிப்ரவரி 18இல் மக்கள் இயக்கம் தொடங்கியது. அதன் தலைமைத் தளபதி அவர்தான். ஏப்ரல் 6இல் தர்பார் மார்க்கில் அரண்மனையை நோக்கிப் போன மக்கள்மேல் துப்பாக்கிச் சூடு. ஏப்ரல் 8 இரவு தடை நீங்கியது. எட்டு ஆண்டுகள் சிறையில் வைத்தாரே மகேந்திரா, அவருடைய மகன் மன்னர் வீரேந்திரர், நீங்களே பிரதமராகுங்கள் என்று அழைக்கிறார். 74 வயது. நோயுற்ற உடம்பு. 24 வயதில் எந்தப் போராட்டத்துக்குப் போனாரோ, அதன் வெற்றி அவர் வாசலுக்கு வந்து நிற்கிறது. பந்தியில் முதல் இலை போட்டு உட்காரச் சொன்னபோது, பக்கத்தில் நின்ற கட்சித் தோழர் கிருஷ்ண பிரசாத் பட்டராயைக் காட்டி "அவர் உட்காரட்டும்" என்றார்.

இப்போது நான் வாதம் செய்யவில்லை, என்னால் முடியவில்லை. மங்களா தேவி சிங் என்ற பெண்மணியை நினைத்துக்கொள்கிறேன். கணவன் சிறையில், அல்லது நாடு கடந்து. இந்தப் பக்கம் இவர் பெண்களைத் திரட்டி உரிமை கேட்டுக்கொண்டிருந்தார். அத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு பிரதமரின் மனைவி என்ற பெருமை வீடு தேடி வந்து, வந்த வழியே திரும்பிப் போகிறது. பெற்ற பிள்ளைகள் தர்பார் மார்க்கில் விழுந்து கிடந்ததைப் பார்த்த தாய்மார்களை நினைக்கிறேன். அவர்களிடம் போய், "உங்கள் பிள்ளைகளை அழைத்துப் போனவர் அதற்குக் கூலியாக நாற்காலி வாங்கிக்கொள்ளவில்லை" என்று நிமிர்ந்து நின்று சொல்ல முடியுமே! எந்த அமைச்சர் கையெழுத்து இதைச் சொல்லும்?

அந்தத் தாய்மார்கள் இந்த முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்லுங்கள், நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.