தாவீது கேட்காத கேள்வி

(காரைக்குடியில் ஒரு திருச்சபையின் குடும்பக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அன்பான சகோதர சகோதரிகளே,

வேதத்தில் குறையில்லாத அப்பாவைத் தேடினால் கொஞ்சம் சிரமப்படுவோம். ஈசாக்குக்கு மூத்தவன் கொண்டுவரும் வேட்டைக்கறி பிடித்தது, அதனால் மூத்தவனையும் பிடித்தது. யாக்கோபு ஒருவனுக்கு மட்டும் பலவருண அங்கி கொடுத்தார். இதெல்லாம் ஞாயிறு பள்ளியிலேயே கேட்ட கதைகள். இன்றைக்கு ஆசாரியன் ஏலியும் ராஜாவான தாவீதும் போதும்.

ஏலி பிள்ளைகளிடம் வாயே திறக்கவில்லை என்று பலர் நினைக்கிறார்கள். 1 சாமுவேல் 2ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள், நன்றாகவே பேசியிருக்கிறார். அவருடைய மகன்கள் ஓப்னியும் பினெகாசும் ஆசாரியர்களாக இருந்து, பலியிட வந்தவர்களிடம் பச்சை இறைச்சியை மிரட்டி வாங்கினார்கள். ஆசரிப்புக் கூடார வாசலில் பெண்களிடம் முறைகேடாக நடந்தார்கள். அப்பா திட்டினார், ஆனால் இருவரும் அதே பணியில்தான் தொடர்ந்தார்கள். 40 வருஷம் இஸ்ரவேலை நியாயம் விசாரித்தவருக்கு, சொந்தப் பிள்ளைகளை வேலையை விட்டு நிறுத்தக் கை வரவில்லை. நம் வீட்டிலும் லைசென்ஸ் இல்லாத பையன் பைக் எடுக்கிறான். ஒரு மணி நேரம் சத்தம் போடுகிறோம். சாவி மட்டும் அதே ஆணியில் தொங்குகிறது.

அந்த ஏலியின் அருகிலேயே வளர்ந்த தீர்க்கதரிசி சாமுவேலின் மகன்களும் பெயெர்செபாவில் லஞ்சம் வாங்கினார்கள். ஆனால் அதற்காகச் சாமுவேலைக் கர்த்தர் குற்றம் சாட்டியதாக வேதத்தில் இல்லை. வழிதவறிய பிள்ளையைப் பெற்றவர்களை எல்லாம் கோயில் வாசலில் வைத்து விசாரிக்கும் நம் ஆட்கள் பிள்ளையின் அக்கிரமத்தை அப்பா சுமப்பதில்லை என்று சொல்லும் எசேக்கியேல் 18ஐயும் வாசித்தால் நல்லது.

தாவீதுக்கு வருவோம். அவருடைய மூத்த மகன் அம்னோன், வேறு தாய்க்குப் பிறந்த தங்கை தாமாரைப் பலவந்தம் செய்தான். அதைக் கேட்டு ராஜாவுக்குக் கடும் கோபம். அதற்குப் பிறகு? ஒன்றுமில்லை. அம்னோனைத் தண்டித்ததாகவோ தாமாரைப் போய்ப் பார்த்ததாகவோ ஒரு வரி கிடையாது. இரண்டு வருஷம் கழித்துத் தாமாரின் கூடப்பிறந்த அப்சலோம், அண்ணன் அம்னோனைக் கொன்றுவிட்டுக் கேசூர் என்ற அயல் தேசத்துக்கு ஓடி, மூன்று வருஷம் அங்கேயே இருந்தான்.

மூன்று வருஷம் என்றால் இந்த ஊருக்குப் புரியும். இங்கிருந்து பர்மாவுக்கும் மலாயாவுக்கும் வட்டிக்கடைக்குப் போனவர்களுக்கு மூன்று வருஷம் ஒரு தவணை. கணக்கு முடித்துத் திரும்பும்போது, பிள்ளை வளவில் ஓடிக்கொண்டிருப்பான். அந்தப் பிரிவுக்குக் கடல் காரணம், பிழைப்பு காரணம். அப்சலோம் ஊர் திரும்பிய பிறகும் இரண்டு வருஷம் எருசலேமிலேயே அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை. அதற்கு எந்தக் கடல் காரணம்? அவன் தன் முகத்தைப் பார்க்க வேண்டாம் என்று ராஜாவே சொல்லியிருந்தார். பேச வழி கிடைக்காத அவன், தூது போக மறுத்த படைத்தலைவன் யோவாபின் வாற்கோதுமை வயலில் ஆள் வைத்துத் தீ வைத்தான். ஸ்கூலில் கண்ணாடியை உடைக்கிற பையனைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும்.

கடைசியில் தாவீது கூப்பிட்டு முத்தமிட்டார். நடந்ததைப் பற்றிப் பேசிக்கொண்டதாக அங்கே எதுவும் இல்லை. அப்புறம் அப்சலோம் என்ன செய்தான் தெரியுமா? பட்டணத்து வாசலருகே நின்று வருகிறவர்களிடம், உன் வழக்கைக் கேட்க ராஜாவிடம் ஆள் இல்லை என்று சொன்னான். அது அவனுடைய சொந்த வழக்கும்தான் என்று எனக்குத் தோன்றும்.

அடுத்த மகன் அதோனியாவைப் பற்றி 1 இராஜாக்கள் 1இல் வருகிறது: ஏன் இப்படிச் செய்தாய் என்று அப்பா அவனை ஒருநாளும் கேட்டதில்லையாம். கோலியாத்தை எதிர்த்து நின்றவருக்கு அந்த ஒரு கேள்வியைக் கேட்கத் தைரியம் வரவில்லை.

இங்கே வளர்ந்த மகனோடு பேச்சை நிறுத்திவிட்ட அப்பாக்கள் யாராவது இருந்தால், நான் முடித்ததும் வெளியே போய் போன் போடுங்கள். சிங்கப்பூரில் நம்மைவிட இரண்டரை மணி நேரம்தான் கூடுதல், இன்னும் தூங்கியிருக்க மாட்டான்.