உழ முடியாத மண்ணில் ஒரு கோர்ட்: கான்சஸின் சேஸ் கவுன்ட்டி

[காட்சி: செங்கல் பாவிய அகலத் தெரு. அது முடியும் இடத்தில் சிவப்புக் கூரையும் மணிக்கூண்டும்.]

இந்தத் தெருவில் எங்கே நின்றாலும் கண் அந்தக் கட்டடத்துக்குத்தான் போகும். ஊர் காட்டன்வுட் ஃபால்ஸ். அமெரிக்காவின் கான்சஸ் மாநிலம். சேஸ் கவுன்ட்டியின் கோர்ட் இது. கவுன்ட்டி என்றால் மாநிலத்துக்குள் நம்மூர் மாவட்டம் மாதிரி ஒரு பிரிவு. 1873இல் கட்டி முடித்தார்கள். கான்சஸில் இன்றும் புழக்கத்தில் உள்ள கோர்ட் கட்டடங்களில் இதுதான் ஆகப் பழையது.

கவுன்ட்டி பிறந்ததே 1859இல்தான். பதினான்கே வருடத்தில் பாரிஸ் பாணிக் கூரை! கொஞ்சம் பகட்டுதான். வரைந்தவர் ஜான் ஹாஸ்கெல். டொபீகாவில் உள்ள மாநிலச் சட்டமன்றக் கட்டடத்திலும் இவர் கைவண்ணம் உண்டு.

[காட்சி: உள்ளே. சுழன்று மேலேறும் மரப் படிக்கட்டு. கேமரா கைப்பிடியை ஒட்டியே நகர்கிறது.]

இது வால்நட் மரம். வெளிச்சுவர், உள்ளூர்ச் சுண்ணாம்புக்கல். இந்தக் கல்லைக் கொஞ்சம் கவனியுங்கள். இந்த வட்டாரத்தின் கதையே இதற்குள்தான் இருக்கிறது.

[காட்சி: மேலிருந்து மலைச்சரிவுகள். மரமே இல்லை, புல், புல், புல்.]

இவை ஃப்ளின்ட் ஹில்ஸ் குன்றுகள். சுண்ணாம்புக்கல்லுக்கு நடுவே வரிவரியாகச் சிக்கிமுக்கிக் கல். மேலே மண் ஒரு மெல்லிய போர்வை மாதிரி. கலப்பையை இறக்கினால் கொழு உடையும். சுற்றுவட்டாரத்தில் எல்லாப் புல்வெளியையும் உழுது சோளமும் கோதுமையும் போட்டார்கள். இங்கே ஆற்றோரத்தில் மட்டும்தான் விவசாயம், குன்றெல்லாம் மாட்டுக்கு. அமெரிக்காவில் இருந்த உயரப்புல் வெளியில் இன்று நூற்றுக்கு நான்கு பங்குகூட மிச்சமில்லை. மிஞ்சியதில் பெரும்பகுதி இந்தக் குன்றுகளில்தான். 1996இல் இந்தக் கவுன்ட்டியிலேயே சுமார் 11,000 ஏக்கரைத் தேசியப் புல்வெளிக் காப்பகமாக்கினார்கள். 2009இல் காட்டெருமைகளும் திரும்பி வந்தன.

சரி, உழவு இல்லாத இடத்தில் ஆள் எப்படிச் சேரும்? சுமார் 2,000 சதுர கிலோமீட்டரில், 2020 கணக்கெடுப்பின்படி 2,572 பேர்.

[காட்சி: கோர்ட் கட்டடத்தின் உட்புறம், அலுவலகக் கதவுகள்.]

ஆனால் அரசாங்கம் முழுசாக வேண்டுமே! கலெக்டர் என்று மேலிருந்து ஒருவரை அனுப்புவதில்லை. மூன்று கமிஷனர்களை மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள். பட்ஜெட், வரி, கவுன்ட்டி சாலை எல்லாம் அவர்கள் பொறுப்பு. ஷெரிஃப் என்ற கவுன்ட்டிப் போலீஸ் தலைவர், அரசு வழக்கறிஞர், பத்திரப் பதிவாளர் ஆகியோருக்கும் ஓட்டுப் போட வேண்டும். கவுன்ட்டி ஆவணங்களைப் பராமரிக்கும் கிளார்க்கையும் மக்கள்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். தேர்தலை நடத்துவதும் அவர்தான். வண்டி நம்பர் பிளேட்டைப் புதுப்பிக்கக் கவுன்ட்டிப் பொருளாளரிடம் போக வேண்டும். அவரும் ஓட்டு வாங்கி வந்தவரே. இவ்வளவு சின்னக் கவுன்ட்டியில் வேட்பாளர் பெரும்பாலும் தெரிந்த முகமாகத்தான் இருப்பார்!

[காட்சி: இரவு. குன்றுகளின் மேல் ஆரஞ்சு நிறக் கோடாக நெருப்பு நகர்கிறது.]

ஏப்ரல் வாக்கில் வந்தால் இதைப் பார்க்கலாம். காட்டுத்தீ அல்ல, பண்ணைக்காரர்களே வைப்பது. காய்ந்த புல் எரிந்தால்தான் மரக்கன்று தலைதூக்காது, மாட்டுக்கும் இளம்புல் கிடைக்கும். ஆனால் தீக்குச்சியைக் கிழிக்கும் முன் உள்ளூர்த் தீயணைப்புப் பொறுப்பாளர்களுக்குத் தகவல் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால், புகையைப் பார்த்துத் தீயணைப்பு வண்டி கிளம்பிவிடும்.