பட்டி நாயும் பக்கும்

எல்லாருக்கும் வணக்கமுங்க.

நாய் நாவல்களைப் பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டதும் கொஞ்சம் தயங்கினேன். காங்கயம், வெள்ளகோவில் பக்கம் விடிகாலையில் பட்டிப் படலைத் திறந்து, நாய்க் கூட்டம் குதறிப் போட்ட ஆடுகளைப் பார்த்து நின்றவர்கள் இந்த அரங்கிலேயே இருக்கிறீர்கள். உங்கள் முன்னால் நாயின் பாசத்தைப் பேச எனக்கு நாக்கு எழவில்லை. ஆனாலும் உங்களிடம்தான் பேசியாக வேண்டும்.

நல்ல நாவல் நாயின் பல்லை மறைக்காது. அமெரிக்க எழுத்தாளர் ஜாக் லண்டன் 1903இல் எழுதிய நாய் நாவலைக் ‘கானகத்தின் குரல்’ என்று தமிழில் தந்தவர் நம்ம பெரியசாமித் தூரன். மொடக்குறிச்சிப் பக்கம் மஞ்சக்காட்டுவலசில் 1908இல் பிறந்தவர். கலைக்களஞ்சியம் தந்தவர், இந்த நாயையும் நமக்குத் தந்திருக்கிறார் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

அந்த நாயின் பேர் பக். வசதியான வீட்டில் வளர்ந்தது. தோட்ட வேலைக்காரன் திருடி விற்றுவிடுகிறான். தங்க வேட்டைக்கு ஆட்கள் வடக்கே ஓடிய காலம். பனிவண்டி இழுக்க நாய்கள் வேண்டும். தடியால் அடித்துப் பணிய வைக்கிறார்கள். கை மாறிக் கை மாறிப் போகிறது. ஒருவர் வேலை தெரிந்து நடத்துகிறார். இன்னொருவர் தீனிக் கணக்குத் தெரியாமல் பட்டினி போட்டுச் சாட்டையை வீசுகிறார். கடைசியில் ஜான் தார்ன்டன். அவருக்காக ஆயிரம் பவுண்டு சுமையை, நம் கணக்கில் நாலரைக் குவிண்டாலை, ஒற்றை நாயாக இழுக்கிறது. அவர் கொல்லப்பட்டதும் ஓநாய்க் கூட்டத்தோடு சேர்ந்துவிடுகிறது. கொல்லவும் செய்கிறது. அது அப்படி ஆனதில் எத்தனை மனிதக் கைகள் என்று படிக்கிறவர் எண்ணாமல் இருக்க முடியாது. நம் ரோட்டோரம் கொண்டுவந்து விடப்படும் குட்டிகளை நான் அதற்குப் பிறகுதான் நின்று பார்த்தேன்.

நாயின் பல்லை மறைக்காமல் சொல்வது நமக்கும் புதிதில்லை. செங்கம் பக்கம் எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. எருமைகளைக் காத்து மடிந்த வீரனுக்குப் பக்கத்தில் அவன் நாயையும் செதுக்கி, கள்ளனைக் கடித்ததென்று பேர் சொல்லி எழுதி வைத்திருக்கிறார்கள்.

பள்ளி விடுமுறையில் பக்கின் கதையை எங்கள் அப்பிச்சிக்கு, அம்மாவின் அப்பாவுக்குச் சொன்னேன். கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்தில் பட்டி ஓரம் கயிற்றுக் கட்டில். கீழே அவர் நாய். அதற்குப் பேர்கூட வைத்ததில்லை. களியில் கடைசி உருண்டை மட்டும் எப்போதும் அதற்கு. தடியடி வந்ததும், “போதுஞ் சாமி, அந்த எடத்த உட்டுட்டுச் சொல்லு” என்றார்.

அந்த இடத்தை விட்டுவிட்டுச் சொன்னேன். தார்ன்டன் செத்ததையும், அவர் விழுந்த பள்ளத்தாக்குக்குப் பக் வருசா வருசம் வந்து ஊளையிட்டுப் போவதையும் சொன்னேன். அப்பிச்சி வெகுநேரம் பேசவில்லை. படுத்த பிறகு இருட்டில் கேட்டார்:

“அப்பறம் அதுக்கு ஆரு சாமி சோறு வெச்சாங்க?”