கோயிலுக்குப் போகாத தெரு

எல்லோருக்கும் வணக்கம். சோவியத் ஜார்ஜிய இயக்குநர் தெங்கிஸ் அபுலாட்ஸேயின் ‘மனந்திரும்புதல்’ படத்தின் கடைசிக் காட்சியில் ஒரு கிழவி ஜன்னலோரம் நின்று, “இந்தத் தெரு கோயிலுக்குப் போகுமா?” என்று கேட்கிறார். “இது வர்லாம் தெரு, கோயிலுக்குப் போகாது” என்று உள்ளேயிருந்து பதில் வருகிறது. “கோயிலுக்குப் போகாத தெரு எதுக்கு?” அவ்வளவுதான், நடந்து போய்விடுகிறார். வர்லாம் அந்தப் படத்தில் வரும் கொடுங்கோலன், ஸ்டாலின் காலத்தின் சாயல்.

அந்தக் கிழவியாக நடித்தவர்தான் ஜார்ஜிய நடிகை வெரிகோ அஞ்சபாரிட்ஸே. அப்போது 85 வயதைத் தாண்டியிருந்தார்.

1897-ல் ஜார்ஜியாவின் குட்டைசியில் பிறந்தவர். 1920-களில் தலைநகர் திபிலிசியின் ருஸ்தவேலி அரங்கில் நடித்தார். அப்புறம் இயக்குநர் கோத்தே மர்ஜனிஷ்விலி அங்கிருந்து விலகி 1928-ல் குட்டைசியில் புதிதாக ஒரு நாடகக்குழு தொடங்கியபோது இவரும் கூடவே போனார். அடுத்த வருடம் ‘உரியேல் அகோஸ்தா’ நாடகம். மதத்தலைவர்கள் ஒதுக்கிவைத்த ஒரு சிந்தனையாளனைக் காதலிக்கும் யூதித்தாக நடித்தார். ஜார்ஜிய நாடக உலகம் அவரை நினைக்கும்போது முதலில் நினைப்பது அந்த யூதித்தைத்தான். அந்த இரவுகளில் அரங்கில் உட்கார்ந்திருந்தவர்கள் பார்த்ததை நாம் இனிப் பார்க்கவே முடியாது. எனக்கு இது உண்மையிலேயே வலிக்கிற விஷயம்.

சரி, கணவரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மிகெயில் சியாவ்ரேலி, ஸ்டாலினைக் கடவுளுக்குச் சமமாகக் காட்டிய ‘பெர்லினின் வீழ்ச்சி’ படத்தை எடுத்தவர். வெரிகோவுக்கும் 1950-ல் சோவியத் மக்கள் கலைஞர் பட்டம் கிடைத்தது. இப்படி ஒரு வீட்டில் வாழ்ந்தவர், கணவர் போய்ச் சேர்ந்து பத்து வருடங்களுக்குப் பிறகு, அந்தக் காலத்தையே விசாரணைக்கு இழுக்கிற படத்தின் கடைசி வார்த்தையைச் சொல்ல ஒத்துக்கொண்டார் என்பதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். மகள் சோஃபிகோவை உங்களில் பலருக்குத் தெரியும், இயக்குநர் பரஜானோவின் ‘மாதுளையின் நிறம்’ படத்தில் கவிஞனாகவும் அவன் காதலியாகவும் வந்தவர்.

1984-ல் முடிந்த ‘மனந்திரும்புதல்’ கிடப்பில் கிடந்து, 1987 ஜனவரியில்தான் மாஸ்கோ திரையரங்குகளுக்கு வந்தது. அதே மாதக் கடைசியில் வெரிகோ காலமானார்.

இப்போது அந்தக் காட்சியைப் போடுகிறோம். கேள்வி கேட்டு முடித்த பிறகு அவர் நடக்கிற நடையைப் பாருங்கள்.