புதுசா வாங்கின பழைய பிக்கப்: இன்ஜினை இறக்கணுமா? சந்தேகத்துக்கு விளக்கம்

வணக்கம். இன்னைக்கு ஒரே ஒரு கேள்விதான் எடுத்திருக்கேன், ஆனா அதுக்குள்ள நாலு கேள்வி இருக்கு. ஒரு தம்பி கேட்டிருக்கார்: "அண்ணா, 3 வாரம் முன்னாடி பழைய டீசல் பிக்கப் ஒண்ணு வாங்கினேன். காலையில ஸ்டார்ட் பண்ணா வெள்ளைப் புகை வருது. கூலன்ட் கொஞ்சம் கொஞ்சமா குறையுது. ரிவர்ஸ்லேர்ந்து முன் கியர் போட்டு கிளட்ச்சை விட்டா அடியில டங்னு ஒரு சத்தம். 70 தாண்டினா வண்டி அதிருது. மெக்கானிக், ஹெட் கேஸ்கெட் போயிருக்கு, இன்ஜினை இறக்கணும்கறார். இறக்கலாமா?"

தம்பி, இப்ப இறக்காதீங்க. ஹெட் கேஸ்கெட்ங்கறது இன்ஜின் பிளாக்குக்கும் அதுக்கு மேல இருக்கிற ஹெட்டுக்கும் நடுவுல வர்ற சீல். இறக்கவே வேண்டி வராதுன்னு நான் சொல்லல. ஒரு சோதனைகூட பண்ணாம இறக்க வேண்டாம்னு சொல்றேன். ஹெட்டைக் கழட்டிட்டா இந்தக் கோளாறு எங்கேர்ந்து வந்துச்சுன்னு ஓட்டிப் பாத்துக் கண்டுபிடிக்கிற வாய்ப்பே போயிடும். உங்க மெக்கானிக்கைத் தப்பா நினைக்க வேண்டாம், அவர் சொல்றது சரியாகூட இருக்கலாம். "எதை வச்சுச் சொல்றீங்கண்ணே?"ன்னு மட்டும் கேளுங்க. நல்ல மெக்கானிக் அந்தக் கேள்விக்குக் கோவிக்க மாட்டார்.

முதல்ல நாலு புகாரையும் பிரிச்சிடுவோம். புகையும் கூலன்ட்டும் இன்ஜின் பக்கம். அந்த டங் சத்தம், அதிர்வு ரெண்டும் பெரும்பாலும் அடிப்பக்கம். நீங்க இன்ஜினை இறக்கி ஏத்தினாலும் அந்த டங் அப்படியேதான் இருக்கும்.

வெள்ளைப் புகையில ரெண்டு வகை உண்டு. ஒண்ணு எரியாத டீசல். பச்சை டீசல் வாடை அடிக்கும், கண்ணு எரியும், இன்ஜின் ஒரு சிலிண்டர் வேலை செய்யாத மாதிரி தடுமாறும், கொஞ்ச நேரத்துல சூடானதும் சரியாயிடும். இதுக்கு முதல் சந்தேகம், ஸ்டார்ட் பண்ணும்போது சிலிண்டரைச் சூடாக்குற ஹீட்டர் பிளக். எல்லா பிளக்கையும் சேர்க்கிற அந்தத் தகட்டைக் கழட்டிட்டு, மல்டிமீட்டரை ஓம்ல வச்சு ஒவ்வொரு பிளக்கையும் பாடியோட சேத்துப் பாருங்க. நல்ல பிளக் பெரும்பாலும் 1 ஓம் பக்கத்துல காட்டும். எரிஞ்சு போன பிளக் ஒண்ணுமே காட்டாது. தகட்டைக் கழட்டாம பாத்தா ஒண்ணு எரிஞ்சிருந்தாலும் மத்தது அதை மறைச்சிடும்.

இன்னொரு வகை கூலன்ட் ஆவி. லேசா இனிப்பு வாடை இருக்கும், வண்டி நல்லா சூடான பிறகும் நிக்காது. உங்களுக்குப் புகை காலையில ஸ்டார்ட் பண்ணும்போது வருதுன்னுதான் எழுதியிருக்கீங்க. அதனாலதான் எனக்கு இன்னும் நம்பிக்கை இருக்கு.

இப்ப கூலன்ட். இதுல கொஞ்சம் நிதானமா இருங்க, இங்கதான் இன்ஜினைப் பத்தின முடிவே இருக்கு. ராத்திரி முழுக்க நின்ன வண்டி. காலையில ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி, ரேடியேட்டர் மேல் ஹோஸைக் கையால அமுக்கிப் பாருங்க. ஆறின வண்டியில அது தொளதொளன்னு இருக்கணும். ராத்திரி போட்ட பிரஷர் காலையிலயும் விறைப்பா நிக்குதுன்னா சந்தேகப்படணும். அப்புறம் அளவு சரியா இருக்கான்னு பாத்து, மூடியைப் போட்டு, ஸ்டார்ட் பண்ணிட்டு மறுபடி அதே ஹோஸைப் புடிங்க. பெல்ட்டும் ஃபேனும் சுத்தும், துணி மாட்டாம கையை மேலேயே வைங்க. முதல் ஒண்ணு ரெண்டு நிமிஷத்துல தண்ணி சூடாகியிருக்காது, தெர்மோஸ்டாட்டும் (தண்ணி சூடானதும் திறக்கிற வால்வு) திறந்திருக்காது. அதுக்குள்ள ஹோஸ் கல்லு மாதிரி ஆயிடுச்சுன்னா, அந்தப் பிரஷர் சூட்டுல வந்தது இல்ல, சிலிண்டர்லேர்ந்து வர்ற கேஸ். அப்ப ஹெட் கேஸ்கெட்டோ, ஹெட்ல விரிசலோ இருக்கலாம். இதை உறுதி பண்ண ஒரு சோதனைக் குழாய் இருக்கு. ரேடியேட்டர் வாயில வச்சு காத்தை உள்ள இருக்கிற நீலத் திரவம் வழியா இழுப்பாங்க. எரிஞ்ச கேஸ் இருந்தா நீலம் மாறிடும். இதுவும் காட்டிச்சுன்னா மெக்கானிக் சொன்னது சரி, ஹெட்டைக் கழட்டலாம்.

ஹோஸ் மெதுவாத்தான் விறைக்குதுன்னா, கசிவு வெளியில இருக்கான்னு தேடுங்க. ரேடியேட்டர் மூடி ரொம்ப சின்னப் பொருள், நிறைய பேர் அதைப் பாக்கறதே இல்ல. சாதாரணமா 1 பார் பக்கத்துல பிரஷர் பிடிச்சு வைக்கிற மாதிரி செஞ்சிருப்பாங்க. ரப்பர் வெடிச்சிருந்தா ஓட்டும்போது தண்ணி வழிஞ்சு போகும், நின்ன பிறகு தரையில ஒண்ணும் தெரியாது. வாட்டர் பம்ப்போட ஷாஃப்ட்டுக்குக் கீழ ஒரு சின்ன துவாரம் இருக்கும், அங்க காய்ஞ்ச கறை படிஞ்சிருக்கான்னு டார்ச் அடிச்சுப் பாருங்க. கேபின்ல மிதியடி ஈரமா இருந்தா ஹீட்டர் கோர் (கேபினைச் சூடாக்குற குட்டி ரேடியேட்டர்) கசியலாம். எதுவும் தெரியலைன்னா ஆறின வண்டியில பிரஷர் டெஸ்டர் போட்டு, மூடியில எழுதியிருக்கிற அளவுக்குக் காத்தடிச்சு 15 நிமிஷம் விடுங்க. முள் இறங்குதுன்னா எங்கயோ கசியுது. ஒண்ணு மட்டும் கெஞ்சிக் கேக்கறேன்: சூடான வண்டியில அந்த மூடியைத் திறக்காதீங்க. கொதிக்கிற தண்ணி முகத்துல பாய்ஞ்சவங்களை நான் பாத்திருக்கேன்.

ஆயில் மூடிக்கு அடியில வெள்ளையா கொழகொழன்னு இருந்தா உடனே பயந்துடாதீங்க. கிட்ட கிட்ட மட்டும் ஓட்டுற வண்டியில ஈரம் அப்படிப் படியும். டிப்ஸ்டிக்ல (ஆயில் அளவு பாக்குற குச்சி) வர்ற ஆயிலே வெளுத்திருந்தாத்தான் விஷயம் பெருசு, அப்ப வண்டியை ஓட்டாதீங்க. அப்புறம் ஐடில்ல ஓடும்போது ஆயில் மூடியைத் தளர்த்திப் பாருங்க. லேசா காத்து வர்றது சகஜம். குபுகுபுன்னு புகையோட அடிச்சா பேக் கம்ப்ரஷன், ரிங் தேஞ்சிருக்குன்னு அர்த்தம். அது தனிக் கதை, கம்ப்ரஷன் டெஸ்ட் எடுத்துதான் பேசணும்.

இப்ப வண்டிக்கு அடியில வாங்க. சமதரையில நிறுத்தி, சக்கரத்துக்கு முன்னாடியும் பின்னாடியும் கட்டை குடுத்து, ஹேண்ட்பிரேக் போட்டு, இன்ஜினை ஆஃப் பண்ணி நியூட்ரல்ல விடுங்க. ஜாக்கியில மட்டும் நிக்கிற வண்டிக்கு அடியில போகவே போகாதீங்க. கியர்பாக்ஸ்லேர்ந்து பின் ஆக்சிலுக்குப் போற புரொபல்லர் ஷாஃப்ட்டை ரெண்டு கையால புடிச்சு இப்படியும் அப்படியும் திருப்புங்க. ரெண்டு முனையிலயும் கிராஸ், அதாவது கோணத்துலயும் சுத்த விடுற பிளஸ் வடிவ ஜாயின்ட் இருக்கும். ஷாஃப்ட் அசைஞ்சு, அதுக்கு அடுத்த யோக் (கிராஸைப் புடிச்சிருக்கிற கவை) கொஞ்சம் தாமதமா அசையுதுன்னா அந்த கிராஸ் போச்சு. கிராஸ் கப்பைச் சுத்தி செங்கல் நிறத்துல பொடி ஒட்டியிருக்கான்னும் பாருங்க. உள்ள கிரீஸ் காய்ஞ்சு, ஊசி பேரிங் துருப்பிடிச்சு அரைபடுற தூள் அது. ரெண்டு முனையும் சேர்ந்தே லேசா ஆடுறது பின் ஆக்சில் ஹவுசிங் உள்ள இருக்கிற பல் இடைவெளி. கொஞ்சம் இருந்தா தப்பில்ல.

அதிர்வுக்கு ஒரு சோதனை. காலியான நேர் ரோட்டுல, அதிர்ற வேகத்துக்குப் போய் நியூட்ரலுக்குத் தள்ளுங்க. சாவியை மட்டும் ஆஃப் பண்ணாதீங்க, பவர் ஸ்டீயரிங்கும் பிரேக் பூஸ்டரும் உதவி பண்றதை நிறுத்திடும், ஸ்டீயரிங் பூட்டிக்கவும் செய்யும். நியூட்ரல்லயும் அதிர்வு அப்படியே இருந்தா சக்கரமோ ஷாஃப்ட்டோ. நின்னுட்டா இன்ஜின், மவுண்ட், கிளட்ச் பக்கம் பாக்கணும். ஸ்டீயரிங்ல தெரிஞ்சா பெரும்பாலும் முன் சக்கரம், சீட்டுல தெரிஞ்சா பின் பக்கம், பிரேக் மிதிச்சா மட்டும் வந்தா டிஸ்க்.

இதுல ஒரு அனுபவம் சொல்றேன். ஒருத்தர் பிக்கப் ஒண்ணு கொண்டு வந்தார், இதே வேகம், இதே அதிர்வு. நாலு டயரும் மாத்தி, ரெண்டு தடவை பேலன்ஸிங் பண்ணியும் நிக்கல. அடியில படுத்துப் பாத்தா, பளபளன்னு புது கிராஸ். ஆனா ஷாஃப்ட்டோட ரெண்டு முனையில இருக்கிற யோக்கும் ஒரே தளத்துல இல்ல, ஒண்ணு திரும்பியிருந்துச்சு. கிராஸ் மாத்தினவங்க கழட்டும்போது அடையாளம் போடாம, ஸ்ப்லைனை (ஷாஃப்ட்டை உருவி மாட்டுற பல்வரிசை) வேற பல்லுல மாட்டியிருக்காங்க. கோணத்துல சுத்துற கிராஸ் ஒரே சீரா சுத்தாது. ஒவ்வொரு சுத்துக்கும் ரெண்டு தடவை வேகம் ஏறி இறங்கும். அடுத்த முனையில இருக்கிற கிராஸ் அதைச் சமன் பண்ணும், ஆனா ரெண்டு யோக்கும் நேர்ல இருந்தாத்தான். அதை உருவி, நேராக்கி மாட்டினோம், அதிர்வு போயிடுச்சு. உங்க வண்டியில முன்னாடி யாராவது அங்க கை வச்சிருந்தாங்களான்னு பாருங்க. புது போல்ட், புது கிரீஸ் தெரிஞ்சா சந்தேகம் அங்கேயே இருக்கட்டும். நீங்க கழட்டினா பஞ்ச்சால ரெண்டு பக்கமும் குறி போடாம கழட்டாதீங்க. ரெண்டு துண்டு ஷாஃப்ட்னா சென்டர் பேரிங் ரப்பர் கிழிஞ்சிருக்கான்னும் பாத்துடுங்க.

பாரம் ஏத்தின வண்டி, அதனால இதையும் பாருங்க. ஸ்டீயரிங்கை நேரா வச்சு, முன் ஹப் நடுவுலேர்ந்து பின் ஹப் நடு வரைக்கும் ரெண்டு பக்கமும் டேப் போட்டு அளங்க. நல்ல வித்தியாசம் இருந்தா பின் ஸ்பிரிங் பட்டையில சென்டர் போல்ட் உடைஞ்சு ஆக்சில் நகர்ந்திருக்கலாம், இல்லைன்னா வண்டி எங்கயோ இடிபட்டிருக்கலாம். டயர்ல DOTன்னு தொடங்குற குறியீட்டோட கடைசி 4 எண் தயாரிப்புத் தேதி. 2319ன்னா 2019ல 23வது வாரம். பட்டன் (டயரோட மேல் பட்டைப் பூ) நல்லா இருந்தாலும் வயசான டயர் உள்ளுக்குள்ள பிரிஞ்சு அதிரும்.

சாவியை ஆன் பண்ணும்போது மீட்டர்ல இன்ஜின் லைட் எரிஞ்சு, ஸ்டார்ட் ஆனதும் அணையணும். ஆன்லயே எரியலைன்னா பல்ப் போயிருக்கலாம், இல்லைன்னா யாரோ அந்த லைட்டை முடக்கியிருக்கலாம். ஸ்கேனர் போட்டுப் பாருங்க. பழுதுக் குறியீடு ஒண்ணும் இல்லாம, உள்சோதனைகள் மட்டும் இன்னும் முடியலன்னு காட்டினா, சமீபத்துல அழிச்சிருக்கலாம், இல்லைன்னா பேட்டரியைக் கழட்டியிருக்கலாம்.

தம்பி, நாளைக்குக் காலையில ரெண்டே ரெண்டு வேலை பண்ணுங்க. ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடியும் பின்னாடியும் அந்த மேல் ஹோஸ். அப்புறம் ரோட்டுல நியூட்ரல் சோதனை. எந்தப் பொருளையும் அதுவரைக்கும் மாத்தாதீங்க. ரெண்டுலயும் என்ன பாத்தீங்கன்னு கீழ எழுதுங்க, ஹெட்டா, கிராஸான்னு அதை வச்சு அடுத்த வீடியோல சொல்றேன்.