648 வெள்ளி யார் கைக்குப் போனது?

வணக்கம். இன்று வீட்டில் இல்லை, சிங்கப்பூரின் ஹோங் லிம் பூங்காவில் உட்கார்ந்திருக்கிறேன். பின்னால் மாடிக்கு மாடி செடிகள் தொங்கும் ஹோட்டல் தெரிகிறது அல்லவா, அந்தப் பக்கம் வெயில் இறங்கிவிட்டது. மைனாக்கள் கத்துவது பதிவில் விழும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் அம்மாவின் அலமாரியை ஒழித்தபோது ஒரு பழைய மைலோ டின் கிடைத்தது. உள்ளே ரசீதுகள், பாஸ்போர்ட் அளவுப் படங்கள், அவற்றுக்கு அடியில் என் கையெழுத்தில் ஒரு தாள். மேலே "மார்ச் 2009". கீழே 11 பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு தொகை. இதோ, கேமராவுக்கு அருகில் பிடிக்கிறேன். மற்றவர்கள் பெயரை விரலால் மறைத்திருக்கிறேன். ஏழாவது வரி நான். 648 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர்.

அப்போது துவாஸில் ஒரு சிறிய பட்டறையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். பெயர் வேண்டாம். மொத்தம் 18 பேர். நாங்கள் 11 பேர் குடிமக்களும் நிரந்தரவாசிகளும். மற்ற 7 பேர் வேலை அனுமதியில் வந்தவர்கள், பெரும்பாலும் சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கம். 2008 செப்டம்பர் 15ஆம் தேதி அமெரிக்காவில் லேமன் பிரதர்ஸ் விழுந்தது. தீபாவளி வருவதற்குள் எங்கள் பட்டறையில் ஆர்டர் பாதியாகிவிட்டது. நியூயார்க்கில் ஒரு வங்கி விழுந்தால் துவாஸில் லேத் மிஷின் ஏன் நிற்க வேண்டும் என்று அன்று எனக்குப் புரியவில்லை. வெளியே விற்றுப் பிழைக்கிற ஊர் இது. வாங்குகிறவன் கையை மடக்கினால் நமக்குத்தான் முதலில் தெரியும்.

அரசாங்கம் தூங்கவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். வழக்கமாகப் பிப்ரவரியில் வரும் வரவுசெலவுத் திட்டத்தை 2009 ஜனவரி 22ஆம் தேதிக்கே முன்னால் இழுத்தார்கள். நிதியமைச்சர் தர்மன் சண்முகரத்னம் அறிவித்த தொகுப்பு 20.5 பில்லியன் வெள்ளி. அதில் 4.9 பில்லியனைக் கடந்தகால நிதியிருப்பிலிருந்து எடுக்க அனுமதி வாங்கியிருந்தார்கள். சேர்த்து வைத்த அந்தப் பெட்டிக்கு இரண்டு சாவி. ஒன்று அரசாங்கத்திடம், இன்னொன்று மக்கள் தேர்ந்தெடுக்கும் அதிபரிடம். 1991இல் இந்த ஏற்பாடு வந்ததிலிருந்து செலவுக்காக அந்தப் பெட்டியைத் திறந்தது அதுதான் முதல் முறை. சாவியைத் திருப்பச் சம்மதித்தவர் அதிபர் எஸ்.ஆர். நாதன். கேட்டவரும் தமிழர், கொடுத்தவரும் தமிழர் என்று தேக்காவில் டீ குடிக்கும்போது என் மாமா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டதை இன்னும் மறக்கவில்லை. அந்தப் பெருமையில் அவர் அடுத்த கேள்வியைக் கேட்க மறந்துவிட்டார். நானும்தான்.

அந்தக் கேள்வி இதுதான்: பணம் முதலில் யார் கையில் விழுகிறது?

என் நினைவில் அந்த வாரம் முழுக்க வானொலியிலும் தொலைக்காட்சியிலும் பேப்பரிலும் ஒலித்தது 20.5 பில்லியன் என்ற எண்தான். எண் பெரியதாக இருந்தால் மனத்துக்குத் தெம்பு வருகிறது. அதைக் குறை சொல்லவில்லை, பயந்திருக்கிற ஊருக்குத் தெம்பும் வேண்டும். ஆனால் "வேலைகளைக் காப்பாற்ற" என்று கேட்டதும் எங்கள் வீட்டில் அம்மா நினைத்தது, எனக்கு ஏதோ பணம் வரப்போகிறது என்று. எப்போது வரும், எப்போது வரும் என்று இரண்டு மாதம் கேட்டுக்கொண்டே இருந்தார்.

வந்தது, முதலாளிக்கு. திட்டத்தின் பெயர் ஜாப்ஸ் கிரெடிட். ஓர் ஊழியரின் மாதச் சம்பளத்தில் முதல் 2,500 வெள்ளிக்கு 12 விழுக்காடு. அதாவது ஆளுக்கு மாதம் அதிகபட்சம் 300 வெள்ளி. மூன்று மாதத்துக்கு ஒரு முறை நிறுவனத்தின் கணக்கில் விழும். எனக்கு மாதம் 1,800 வெள்ளி சம்பளம். 12 விழுக்காடு 216, மூன்று மாதத்துக்கு 648. நிறுவனத்துக்கு வந்த கடிதத்தில் மொத்தத் தொகைதான் இருந்தது. ஆள் ஆளாக நானே கால்குலேட்டரில் போட்டுப் பார்த்து எழுதிய தாள்தான் இது. என் பெயரைச் சொல்லி வந்த பணம் எவ்வளவு என்று தெரிந்துகொள்ளும் ஆசை, வேறொன்றும் இல்லை.

அதே மாதம் எங்களுக்கு வேலை வாரம் நான்கு நாளாகி, சம்பளத்திலும் வெட்டு விழுந்திருந்தது. ஆளைக் குறைப்பதற்கு முன் வேலை நாளைக் குறைத்துப் பாருங்கள் என்று அரசாங்கம், முதலாளிகள், தொழிற்சங்கம் என முத்தரப்பும் சேர்ந்து 2008 நவம்பரிலேயே வழிகாட்டியிருந்தார்கள். ஆகவே தப்பு ஒன்றும் நடக்கவில்லை. ஆனாலும் தாளை எடுத்துக்கொண்டு முதலாளி அறைக்குப் போனேன். எனக்கு 648 வந்திருக்கிறதே, என் சம்பளம் ஏன் குறைகிறது என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. சுவரில் இருந்த ஆர்டர் அட்டவணையைக் காட்டினார். ஏப்ரல் கட்டம் காலி. "இந்தப் பணம் இல்லாவிட்டால் இந்த 11 பெயரில் எந்த இரண்டை அடிப்பது என்று நீயே சொல்" என்றார்.

என்னால் சொல்ல முடியவில்லை. அவர் சொன்னது நியாயம் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். அந்த ஏப்ரலில் பொருளியல் 6 முதல் 9 விழுக்காடு சுருங்கும் என்று முன்னுரைத்தார்கள். அவ்வளவு ஆழத்துக்குப் போகவில்லை, மறு ஆண்டே 14 விழுக்காட்டுக்கு மேல் வளர்ந்தது. எடுத்த பணத்தை 2011இல் பெட்டியில் திருப்பியும் வைத்தார்கள். மருந்து வேலை செய்தது. மருந்தை யார் வாயில் ஊற்றுகிறார்கள் என்பதைத்தான் யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. அதை நான் கடிதத்தைப் பிரித்துத் தெரிந்துகொண்டேன். கணக்கு எழுதாதவர்கள் எப்படித் தெரிந்துகொண்டிருப்பார்கள்?

இந்தப் பூங்காவுக்கு ஏன் வந்தேன் என்று இன்னும் சொல்லவில்லை. பொதுவில் பேசுவதற்கென்று ஒதுக்கிய ஸ்பீக்கர்ஸ் கார்னர் இங்கேதான் இருக்கிறது. 2000 செப்டம்பர் 1இல் திறந்தார்கள். 2008 செப்டம்பர் 1 முதல் குடிமக்கள் இங்கே போலீஸ் அனுமதி இல்லாமலே ஆர்ப்பாட்டமும் நடத்தலாம் என்று விதியைத் தளர்த்தினார்கள். சரியாக இரண்டு வாரத்தில் லேமன் விழுந்தது. அக்டோபர் சனிக்கிழமைகளில் இந்தப் புல்வெளியில் கூட்டம். அரசியல்வாதிகள் கூட்டம் இல்லை, லேமன் விழுந்ததில் சேமிப்பைத் தொலைத்தவர்கள். "மினிபாண்ட்" முதலான பெயர்களில் விற்ற முதலீடுகளில் சுமார் 10,000 பேர் 500 மில்லியன் வெள்ளிக்கு மேல் போட்டிருந்தார்கள். பெயரைக் கவனியுங்கள். பாண்ட் என்றதும் பத்திரம், பத்திரம் என்றதும் பத்திரமானது என்று ஒரு பாட்டி நினைத்தால் அது அவர் தவறா? உள்ளே இருந்ததோ, பெரிய நிறுவனங்கள் சில தடுமாறாது என்று கட்டிய ஒருவகைப் பந்தயம்.

அவர்களைத் திரட்டிப் பேசியவர் என்டியுசி இன்கம் காப்புறுதி நிறுவனத்தை நடத்தி ஓய்வுபெற்ற டான் கின் லியான். எனக்கு இங்கே காசு எதுவும் போகவில்லை. ஒரு சனிக்கிழமை தோழியின் அப்பாவோடு துணைக்கு வந்தேன், அவ்வளவுதான். அவர் ஒரு பிளாஸ்டிக் பையில் பத்திரங்களை வைத்து மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். மழை வந்தபோது குடையைத் தன் தலைக்குப் பிடிக்காமல் பைக்குப் பிடித்தார். அன்று ஒலிபெருக்கியில் கேட்ட எதுவும் எனக்கு நினைவில்லை, அந்தப் பைதான் நினைவிருக்கிறது. 2009 ஜூலையில் சிங்கப்பூர் நாணய ஆணையம் 10 நிதி நிறுவனங்களுக்கு இத்தகைய முதலீடுகளை விற்க 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை தடை போட்டது. தாமதம்தான். ஆனால் சனங்கள் இந்தப் புல்லில் வந்து நிற்காமல் இருந்திருந்தால் அவர்கள் செய்திப் பக்கங்களில் அவ்வளவு நாள் இருந்திருக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம்.

ஒரு வேடிக்கை சொல்கிறேன். 2023இல் மீண்டும் ஒரு செப்டம்பர் 1. அதிபர் தேர்தல். பெட்டியைத் திறக்க அனுமதி கேட்ட அமைச்சரவையில் நிதியைக் கவனித்த தர்மனும், இங்கே ஒலிபெருக்கி பிடித்த டான் கின் லியானும் அந்த இரண்டாவது சாவிக்கே போட்டியிட்டார்கள். தர்மனுக்கு 70 விழுக்காட்டுக்கு மேல், இவருக்கு ஏறக்குறைய 14. என் மாமா இப்போது உயிரோடு இல்லை. இருந்திருந்தால் தேக்கா டீக்கடை தாங்கியிருக்காது.

2020க்கு வருகிறேன். கொவிட். ஒரே ஆண்டில் நான்கு வரவுசெலவுத் திட்டங்கள், ஏறக்குறைய 100 பில்லியன் வெள்ளி. முறை பழையதுதான்: சம்பளத்தின் ஒரு பங்கு முதலாளி கையில். இந்த முறையும் கணக்கில் வந்தவர்கள் குடிமக்களும் நிரந்தரவாசிகளும்.

அந்த 7 பேரை விட்டுவிட்டேனே. 2009இல் நான் தாளில் பெயர் எழுதுவதைப் பார்த்து ஒருவர் கேட்டார், சிவகங்கைக்காரர். "தங்கச்சி, இதில் எங்கள் பெயர் உண்டா?" மத்திய சேமநிதி கட்டும் ஊழியர்களை வைத்துத்தான் கணக்கு. அவர்களுக்கு அது கிடையாது. இல்லை அண்ணே என்றேன். சரி என்று கையைத் துடைத்துக்கொண்டு மிஷினுக்குப் போய்விட்டார். ஜூன் மாதத்துக்குள் அந்த ஏழில் இரண்டு பேர் ஊருக்குத் திரும்பியிருந்தார்கள். அவர் இருந்தார்.

2020 ஏப்ரலில் அவர் வேறு கம்பெனியில், பூட்டிய தங்கும் விடுதியில் இருந்தார். அறையில் இத்தனை பேர் என்று ஒரு படம் அனுப்பினார். அதை இங்கே காட்ட மாட்டேன். அந்த மாதம், வெளிநாட்டு ஊழியருக்காக முதலாளிகள் கட்டும் தீர்வையைத் தள்ளுபடி செய்து, ஓர் ஆளுக்கு 750 வெள்ளி திருப்பியும் கொடுத்தது அரசாங்கம். அந்தச் செய்தியை யாரோ தமிழில் சுருக்கி வாட்ஸ்அப்பில் விட்டிருந்தார்கள், "வெளிநாட்டு ஊழியருக்கு 750 வெள்ளி" என்று. அதை எனக்கு அனுப்பி, கீழே அதே கேள்வி: "தங்கச்சி, இது எங்களுக்கா?"

இல்லை அண்ணே, உங்கள் முதலாளிக்கு, உங்களுக்குச் சம்பளம் கொடுக்க என்று எழுதினேன். கட்டைவிரல் படம் ஒன்று வந்தது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு செய்தி: "அப்போதும் நீதான் சொன்னாய்."

தூறல் விழுகிறது. தாள் நனைந்துவிடும், கேமராவை அணைக்கிறேன்.