அணைக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி நீர்மட்டத்தக் கேளுங்க

நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம். தினமும் காலையில அணை நிலவரம்னு ஒண்ணு வரும்ல, வைகை அணை மொத்தம் 71 அடி, இன்னைக்கு இத்தன அடி, வரத்து இத்தன கனஅடி, வெளியேத்துறது இத்தன கனஅடின்னு, நம்மள்ல நெறைய பேரு அது விவசாயிக்குச் சொல்றதுன்னு நெனச்சு காதுல வாங்காம விட்டுர்றோம். லீவு நாள்ல பிள்ளகுட்டியோட வேன் புடிச்சு அணைக்குக் கிளம்புற குடும்பத்துக்கும் அதுல சேதி இருக்கு. பூங்கா எப்படி இருக்கும், தண்ணி கிட்ட போகலாமா, அன்னைக்குப் போகவே வேணாமாங்கிறது வரைக்கும் அந்த நாலு எண்ணுலயே தெரிஞ்சிரும். நான் பள்ளிக்கூடத்துல பூகோளம் சொல்லிக்குடுத்த ஆளு, பிள்ளைகள அந்தப் பக்கமெல்லாம் கூட்டிட்டுப் போன ஆளு, அதனால இதப் பத்தி ரெண்டு வார்த்த பேசணும்னு கூப்பிட்டதும் உடனே வந்துட்டேன்.

வைகை அணைய 1959ல தொறந்தாங்க. ஆண்டிபட்டிக்குப் பக்கத்துல, மதுரையில இருந்து 70 கிலோமீட்டர் கிட்ட. தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம்னு அஞ்சு மாவட்டம் இந்தத் தண்ணிய நம்பி இருக்கு. நீர்மட்டம் 66 அடி ஆச்சுன்னா கரையோர மக்களுக்கு மொத வெள்ள அபாய எச்சரிக்கை, 68.5 அடியில ரெண்டாவது, 69 அடியில மூணாவது, அதுக்கப்புறம் வர்ற தண்ணிய அப்படியே ஆத்துல தொறந்து விட்ருவாங்க. நடுவுல 67 அடிங்கிறது உசிலம்பட்டிக்காரங்க காத்துக்கிட்டு இருக்குற எண்ணு, அந்த மட்டம் இருந்தாத்தான் 58 கிராம கால்வாய்ல தண்ணி ஏறும். மத்தவங்க மனசுல வச்சுக்க வேண்டியது 66, 68.5, 69. பேப்பர்ல 66ன்னு பாத்துட்டீங்கன்னா அணையில பெருசா பாக்க ஏதோ இருக்கப்போவுதுன்னு அர்த்தம், அதே நேரத்துல ஆத்துக்குள்ள எறங்குற எண்ணத்த மூட்ட கட்டி வச்சிரணும்னும் அர்த்தம்.

இதுல நம்ம மதுரைக்காரங்க தவறவிடுற விஷயம் ஒண்ணு இருக்கு. இங்க வெயில் மண்டையப் பொளக்கும், மாசக்கணக்கா மழையே இருக்காது, ஆனா வருசநாடு பக்கம் மேகமலையில ராத்திரி அடிச்ச மழை மூல வைகையில வெள்ளமா வரும், பெரியாறு அணையில இருந்து சுரங்கம் வழியா லோயர் கேம்ப்ல எறங்குற தண்ணி கம்பம் பள்ளத்தாக்கு முழுக்க ஓடி வந்து சேரும், போடி பக்கத்துல இருந்து கொட்டகுடி ஆறு வரும், எல்லாம் ஒண்ணா வந்து இந்த அணையில நிக்கும். ஆக மதுரையில வானத்தப் பாத்து ஆத்தக் கணிக்க முடியாது. அணை மூடியிருந்தாலும் மருதாநதி, மஞ்சளாறு மாதிரி அணைக்குக் கீழ வந்து சேர்ற ஆறுகளும் இருக்கு, அங்கிட்டு மழ பேஞ்சா அணைப்பட்டி, சோழவந்தான் பக்கம் ஆறு தன்னால ஏறும். அணைப்பட்டி ஆஞ்சநேயர் கோயிலுக்குப் போறவங்க ஆத்துல முங்கிட்டுத்தான் வருவோம்னு நிக்கிறது வழக்கம், வேணாம்னு சொல்லல, போற அன்னைக்கு மேல என்ன நெலமைன்னு ஒரு வார்த்த விசாரிச்சுட்டு எறங்குங்க. தண்ணி தொறக்குறப்ப எச்சரிக்கையா அணையில ஊதுற சங்கு அணைக்குப் பக்கத்துல இருக்குறவங்களுக்குத்தான் கேக்கும்.

கனஅடின்னா எம்புட்டுன்னு பிள்ளைக கேக்கும். ஒரு கனஅடி 28 லிட்டருக்குக் கொஞ்சம் மேல. 3000 கனஅடி தொறக்குறாங்கன்னா அது ஒரு விநாடிக்கு உள்ள கணக்கு, கிட்டத்தட்ட 85,000 லிட்டர், 12,000 லிட்டர் தண்ணி லாரி ஏழ ஒரே விநாடியில கவுத்துனா எப்படி இருக்கும், அடுத்த விநாடி இன்னொரு ஏழு லாரி, அப்படியே நாள் முழுக்க. இத மனசுல வாங்கிட்ட பிள்ள செல்ஃபி எடுக்க மதகுக்குக் கீழ போகாது.

சரி, அணை நெறஞ்சிருக்குற சமயத்துல போனா என்ன பாக்கலாம்னா, வலது கரை இடது கரைன்னு ரெண்டு பக்கமும் பூங்கா இருக்கு, நடுவுல ஆத்துக் குறுக்க ஒரு சின்ன தரைப்பாலம் ரெண்டையும் சேக்கும், உபரி தண்ணி தொறந்தா அந்தப் பாலம் முங்கிரும், போலீஸ் நின்னு மறிப்பாங்க. அந்த நேரத்துல அவங்ககிட்ட சண்ட போடாதீங்கய்யா. இம்புட்டு தூரம் வந்துட்டோம், பிள்ள அழுவுது, ஒரு நிமிசத்துல ஓடிருவோம்னு கெஞ்சுறவங்கள நான் பாத்திருக்கேன், முழங்கால் அளவு ஓடுற தண்ணியே ஒரு பெரிய ஆளத் தள்ளிவிடும். பாலம் மூடியிருந்தா எந்தக் கரையில நிக்கிறீங்களோ அந்தக் கரைப் பூங்காவுல ஒக்காந்து புளியோதரைய சாப்புடுங்க, மதகுல தண்ணி வெள்ள வெளேர்னு குதிக்கிறத தூரத்துல இருந்து பாக்குறதே கண்கொள்ளாக் காட்சி.

தண்ணி கொறைஞ்ச காலம்னா பங்குனி, சித்திரை, அப்ப அணைக்கு உள்பக்கம் கரை பின்வாங்கி சேறும் மண்ணுமா வெளிய தெரியும், நாரை, கொக்கு, நீர்க்காகமெல்லாம் அந்த ஓரத்துலதான் மேயும், காலையில வெரசாப் போனா பைனாகுலர் இல்லாமலே பாக்கலாம். எனக்குப் புடிச்ச காலமும் அதுதான். ஆனா என்னை ரொம்ப பயமுறுத்துற காலமும் அதேதான், ஏன்னா மக்கள் தண்ணி கம்மியா இருக்கு, ஆபத்தில்லன்னு நம்பி எறங்குறாங்க. அணைக்கு அடியில என்ன இருக்குன்னு கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. அறுவது வருசத்துக்கு மேல ஆறு அடிச்சுட்டு வந்த வண்டல் அங்க படிஞ்சு கெடக்கு, மேல காய்ஞ்ச மாதிரி வெடிச்சிருக்கும், உள்ள களி, கால வச்சா முழங்காலுக்கு மேல இழுக்கும், பதட்டத்துல மத்த கால ஊனுனா அதுவும் போகும். பழைய ஆத்துத் தடம் உள்ளேயே இருக்கு, அதனால இடுப்பளவு தண்ணியில நடந்துக்கிட்டே இருக்கும்போது அடுத்த அடி ஆள் மட்டத்துக்குப் போயிரும். கெணத்துல நல்லா நீந்துற பயலுக்கும் இது புதுசு, கெணத்துல படி இருக்கும், புடிக்க கல்லு இருக்கும், இங்க கைக்கு ஒண்ணுமே சிக்காது. இப்படி உயிர விடுறவங்கள்ல பதினேழு பதினெட்டு வயசுப் பயலுக நெறைய. ஒருத்தன் முங்குறான்னு கூட இருக்கவன் குதிக்கிறான், அவனப் புடிக்க மூணாவது ஆளு குதிக்கிறான். இத நிறுத்தலாம். முங்குறவன் உயிருக்குத் தவிச்சுக் கிட்ட வர்றவன் கழுத்தத்தான் புடிப்பான், அவன் தப்பு இல்ல அது, அதனால குதிக்காதீங்க, துப்பட்டா, வேட்டி, நீளமான கம்பு, கயிறு, மூடி போட்ட காலி தண்ணி கேன், எது கெடைக்குதோ அத எறிஞ்சு கரையில படுத்துக்கிட்டு இழுங்க, சத்தம் போட்டு ஆளக் கூப்புடுங்க, 108க்கோ 112க்கோ போன் போடுங்க. வேன்ல ஏறும்போதே இருபது முழம் கயிறு ஒண்ண சீட்டுக்கு அடியில போட்டு வச்சா அது ஒரு பாரமா என்ன?

மலைப் பக்கம் போறவங்களுக்கும் இதே கதைதான். பெரியகுளம் கும்பக்கரையில கொடைக்கானல் மலையில பேஞ்ச மழ சொல்லாமக் கொள்ளாம வந்து விழும், வனத்துறை குளிக்கத் தடைன்னு போட்டாங்கன்னா அன்னைக்குக் குளியல் கெடையாது, அம்புட்டுதான். வாடிப்பட்டி குட்லாடம்பட்டி அருவி, பாலமேடு சாத்தையாறு அணை ரெண்டும் சிறுமலைத் தண்ணி, ஐப்பசி கார்த்திகையில மழ நல்லா பேஞ்சாத்தான் உண்டு, கோடையில போயிட்டு வெறும் பாறையா இருக்குன்னு கொற சொல்றதுல அர்த்தமில்ல. மலையேறணும்னு ஆசப்படுறவங்க காட்டுக்குள்ள தன்னிச்சையா போகவே கூடாது. 2018 மார்ச்ல குரங்கணி மலைத்தீயில இருபது பேருக்கு மேல பறிகொடுத்தோம், அந்த வேதனை தேனிப் பக்கத்துல இன்னும் ஆறல. இப்ப வனத்துறையே 2024ல இருந்து ஆன்லைன்ல புக் பண்ணி வழிகாட்டியோட கூட்டிட்டுப் போற ஏற்பாடு பண்ணியிருக்கு, தீ பரவுற கோடை மாசங்கள்ல பாதைய மூடிருவாங்க, மூடுனா மூடுனதுதான்.

அப்புறம் குப்பை. வைகை அணைத் தண்ணிதான் பண்ணைப்பட்டியில சுத்திகரிச்சு குழாய்ல மதுரைக்கு வருது, நீங்க அணைக்கரையில வீசிட்டு வர்ற பிரியாணிப் பொட்டலம், பாட்டில் எல்லாத்தையும் கழுவிட்டு வர்ற தண்ணியத்தான் வீட்டுல கொடத்துல புடிக்கிறீங்க. ஒருதடவ உபயோகிக்கிற பிளாஸ்டிக்க 2019 ஜனவரியில இருந்தே தமிழ்நாட்டுல தடை பண்ணியாச்சு. எவர்சில்வர் தூக்குல சாப்பாடு கொண்டு போங்க, வாழையெல தேச்சு எடுத்துட்டுப் போங்க, சாப்புட்ட எலைய அங்க மேயுற மாடு தின்னுரும். பாட்டில ஒடைக்கிறவங்களுக்கு என்ன சொல்றதுன்னே தெரியல, அந்தக் கரையில மீன்புடிக்கிறவங்க வெறுங்காலோட பரிசலத் தூக்கிட்டு நடக்குறாங்க, அவங்க கால்ல ஏறுனா பத்து நாள் பொழப்பு போச்சு. நீங்களா தூண்டில் போடவும் வேணாம், ஆசைக்கு அங்கயே கட்லா, ரோகு, ஜிலேபி வாங்குங்க, பக்கத்துக் கடையில பொரிச்சே குடுப்பாங்க, டேஸ்ட் அப்படி இருக்கும்.

போற வழி சுலபம். ஆரப்பாளையத்துல தேனி பஸ் ஏறி ஆண்டிபட்டியில எறங்கி அங்கேருந்து டவுன் பஸ். ரயிலும் உண்டு, அகலப்பாதை வேலைக்காகப் பல வருசம் நின்னு கெடந்து 2022ல மதுரை தேனி ஓட ஆரம்பிச்சு 2023ல போடி வரைக்கும் போச்சு, உசிலம்பட்டி தாண்டி கணவாய்க்குள்ள அந்த ரயில் வளைஞ்சு போறத பிள்ளைகளுக்கு ஜன்னலோரத்துல ஒக்கார வச்சுக் காட்டுங்க. ஆடிப்பெருக்குக்கும் காணும் பொங்கலுக்கும் கூட்டம் தாங்காது, வயசானவங்கள கூட்டிட்டுப் போறவங்க வேற நாளாப் பாத்து வச்சுக்கோங்க. சாயங்காலம் ஆண்டிபட்டிக்குத் திரும்புற கடைசி டவுன் பஸ் எத்தன மணிக்குன்னு எறங்கும்போதே கண்டக்டர்கிட்ட கேட்டுக்கோங்க. வணக்கம்.